கார்ல் ஆடம் பெட்ரி

கார்ல் ஆடம் பெட்ரி (ஜூலை 12, 1926 – ஜூலை 2, 2010) ஜெர்மனியைச் சேர்ந்த கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். பொதுவான கட்டுப்பாட்டு மையமோ பொதுவான கடிகாரமோ இன்றி, ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறிக்கொண்டு தனித்தனியே இயங்கும் பல கூறுகளைக் கொண்ட தொகுதிகளை விவரிப்பதற்கான கணிதக் கோட்பாட்டை உருவாக்கியவர் இவரே. இக்கோட்பாட்டின் வரைமுறை இவருடைய பெயராலேயே 'பெட்ரி வலை' என வழங்கப்படுகிறது. தொழிற்சாலைத் தானியக்கம், அலுவலகப் பணியோட்டம், மின்சுற்று வடிவமைப்பு, உயிரியல், மென்பொருள் முகவர்களின் உரையாடல் நெறிமுறைகள் எனப் பல துறைகளில் பெட்ரி வலைகள் பயன்படுகின்றன.

ஒரு கணினியால் எதைக் கணக்கிட முடியும் என்பதே இவர் காலத்துக் கணினியியலின் மையக் கேள்வியாக இருந்தது. கணினிகளும் மனிதர்களும் ஒருவரோடு ஒருவர் எவ்வாறு தொடர்பு கொள்கின்றனர் என்பதை அதற்கு முன் நிற்கும் கேள்வியாக வைத்தது பெட்ரியின் தனிச்சிறப்பு ஆகும்.

இளமையும் கல்வியும்

பெட்ரி ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். அந்நகரின் பழமை வாய்ந்த தாமஸ் பள்ளியில் பயின்றார். இசையமைப்பாளர் யொஹான் செபாஸ்டியன் பாக் முற்காலத்தில் இசைப் பொறுப்பாளராகப் பணியாற்றிய பள்ளி இது. இளமையிலேயே பெட்ரிக்கு வேதியியலில் மிகுந்த ஈடுபாடு இருந்தது. பிற்காலத்தில் அவரே கூறியவாறு, 1939 ஆகஸ்டில், தம் 13 ஆம் வயதில், வேதிவினைகளை நினைவில் வைத்துக்கொள்வதற்காக வட்டங்களும் கட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட படங்களை அவர் வரைந்தார். பெட்ரி வலையின் வரைபட வடிவத்துக்கு இதுவே முதல் வித்து என்பது அவருடைய கூற்று.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், பள்ளியிறுதித் தேர்வை விரைவுபடுத்தி முடித்து ஜெர்மானியப் படையில் சேர்க்கப்பட்டார். பின்னர் பிரித்தானியரிடம் போர்க் கைதியானார். 1949 இல் இங்கிலாந்திலிருந்து தாயகம் திரும்பி, 1950 முதல் ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதம் பயின்றார். 1959 முதல் 1962 வரை பான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். இக்காலத்தில் கணிதவியலாளர் ஹைன்ஸ் உங்கரின் வழிகாட்டலில் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி, 1962 இல் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பக் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வேடு: தன்னியக்கிகளுடன் தொடர்பாடல்

பெட்ரியின் ஆய்வேட்டின் தலைப்பு 'தன்னியக்கிகளுடன் தொடர்பாடல்' என்று பொருள்படும். அன்றைய கணினிகள் ஒரே மையச் செயலகத்தைக் கொண்டிருந்தன. அச்செயலகம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப, ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டளைகளை நிறைவேற்றியது. அந்த இயந்திரங்களுக்கு அடிப்படையாக இருந்த கோட்பாடும் இயந்திரம் முழுவதற்கும் ஒரே 'தற்போதைய நிலை' உண்டு எனவும், ஒவ்வொரு துடிப்பிலும் அந்நிலை அடுத்த நிலைக்கு மாறுகிறது எனவும் கொண்டது. இக்கருதுகோளையே பெட்ரி கேள்விக்குள்ளாக்கினார்.

அவருடைய வாதத்தைப் பின்வருமாறு சுருக்கலாம். சில கணக்கீடுகளுக்கு எவ்வளவு நினைவகம் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே அறிய இயலாது. கணக்கீட்டின் நடுவில் நினைவகம் தீர்ந்துவிட்டால், பெரிய இயந்திரம் ஒன்றை வைத்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். அல்லது இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே நீட்டவேண்டும். ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட இயந்திரத்தை விரும்பியவாறு நீட்டிக்கொண்டே செல்ல முடியாது. எந்தச் சைகையும் ஒளியைவிட விரைவாகச் செல்ல இயலாது. ஒளி ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவே செல்கிறது. இயந்திரம் பெரிதாகும்போது கடிகாரத் துடிப்பு அதன் மறுகோடியை அடைவதற்கு ஆகும் நேரமும் கூடுகிறது. எனவே ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் கடிகாரத்தின் வேகத்தைக் குறைக்க நேரிடும். இந்தக் குறைப்புக்கு எல்லையே இல்லை.

இதற்கு மாற்றாக, ஒவ்வொரு கூறும் தன் அண்டைக் கூறுகளுடன் மட்டும் சைகைகளைப் பரிமாறிக்கொண்டு இயங்கும் ஓர் அமைப்பைப் பெட்ரி முன்வைத்தார். இவ்வமைப்பில் பொதுக் கடிகாரம் இல்லை. இறுதியில் உள்ள கூறுடன் புதிய கூறு ஒன்றை இணைத்தால் போதும். ஏனைய கூறுகள் அதை அறியவேண்டிய தேவையும் இல்லை, தம் வேகத்தை மாற்றவேண்டிய தேவையும் இல்லை. இத்தகைய கூறுகளால் ஆன, முடிவின்றி நீட்டக்கூடிய நினைவக அடுக்கு ஒன்றை அவர் வடிவமைத்துக் காட்டினார். இரண்டு அடுக்குகளை இணைத்தால் டியூரிங் இயந்திரத்தின் நாடாவை உருவாக்கலாம் என்பதால், பொதுவான கணக்கீடு எதையும் கடிகாரமின்றியே நிகழ்த்த முடியும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

சமநேரம் என்பது காண்பவரைப் பொறுத்தது என்னும் சிறப்புச் சார்புக் கோட்பாட்டின் பார்வை இந்த ஆய்வேட்டில் ஆழமாக ஊடுருவி நிற்கிறது. தொலைவில் உள்ள இரு நிகழ்வுகளில் எது முந்தியது என எவராலும் கூற இயலாதபோது, அவற்றை ஒரே வரிசையில் அடுக்கும் கோட்பாடு உலகில் இல்லாத ஒன்றைக் கற்பிக்கிறது என்பது பெட்ரியின் நிலைப்பாடு. ஆதலால் நேரத்தை விட்டுவிட்டு, காரண காரியத் தொடர்பை மட்டும் அவர் அடிப்படையாகக் கொண்டார். ஒரு நிகழ்வு மற்றொன்றுக்குக் காரணமானால் அவற்றுக்கு இடையே வரிசை உண்டு. இல்லையேல் அவை ஒன்றையொன்று சாராதவை.

இன்று நூல்களில் காணப்படும் வட்டமும் கட்டமும் கொண்ட படங்கள் இந்த ஆய்வேட்டில் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1962 இல் மியூனிக் நகரில் நடைபெற்ற பன்னாட்டுத் தகவல் செயலாக்கக் கூட்டமைப்பின் மாநாட்டிலும் ஒத்தியங்காத தகவல் ஓட்டம் பற்றிய தமது கருத்துகளைப் பெட்ரி எடுத்துரைத்தார்.

பெட்ரி வலை

உறுப்புகள்

பெட்ரி வலை இருவகை உறுப்புகளைக் கொண்டது. வட்டங்களால் குறிக்கப்படும் 'இடங்கள்' நிலைமைகளையோ வளங்களையோ காத்திருக்கும் செய்திகளையோ குறிக்கின்றன. கட்டங்களால் குறிக்கப்படும் 'நிலைமாற்றங்கள்' நிகழ்வுகளைக் குறிக்கின்றன. அம்புக்கோடுகள் இடத்தையும் நிலைமாற்றத்தையும் மட்டுமே இணைக்கும். இடத்தை இடத்துடனோ நிலைமாற்றத்தை நிலைமாற்றத்துடனோ இணைப்பதில்லை. இடங்களில் 'டோக்கன்' எனப்படும் வில்லைகள் வைக்கப்படுகின்றன.

ஒரு நிலைமாற்றத்தை நோக்கி வரும் அம்புகள் தொடங்கும் இடங்கள் அனைத்திலும் தேவையான வில்லைகள் இருந்தால் அந்நிகழ்வு நிகழலாம். நிகழும்போது அந்த வில்லைகள் எடுக்கப்பட்டு, வெளிச்செல்லும் அம்புகள் முடியும் இடங்களில் புதிய வில்லைகள் வைக்கப்படும். நீர் உருவாகும் வேதிவினையை எடுத்துக்கொண்டால், இரண்டு ஐதரசன் வில்லைகளும் ஓர் ஆக்சிசன் வில்லையும் எடுக்கப்பட்டு இரண்டு நீர் வில்லைகள் வைக்கப்படுகின்றன. வலையின் விதி இவ்வளவே. ஒரு நிகழ்வு நிகழலாமா என்பதை முடிவு செய்ய அதன் அண்டை இடங்களைப் பார்த்தால் போதும். வலையின் மறுகோடியில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டியதில்லை.

உடனிகழ்வும் முரண்பாடும்

இரு நிகழ்வுகள் வெவ்வேறு வில்லைகளைப் பயன்படுத்துமாயின் அவை எந்த வரிசையிலும் நிகழலாம்; வரிசையே இல்லாமலும் நிகழலாம். இதுவே 'உடனிகழ்வு' எனப்படுகிறது. இரு நிகழ்வுகளும் ஒரே வில்லையை நாடுமாயின் ஒன்றே நிகழ முடியும். இது 'முரண்பாடு' எனப்படுகிறது. ஒரே பேருந்து இருக்கையை இருவர் முன்பதிவு செய்ய முயல்வது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. உடனிகழ்வும் முரண்பாடும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் நிலையும் உண்டு. அந்நிலையில் ஒரு முரண்பாடு எழுந்ததா, தீர்க்கப்பட்டதா என்பதே காண்பவரைப் பொறுத்து வேறுபடும். இதனைப் பெட்ரி 'குழப்பம்' என்னும் கலைச்சொல்லால் குறித்தார். பரவலாக அமைந்த தொகுதிகளில் மட்டும் அரிதாகத் தோன்றி, சோதனையின்போது அகப்படாமல் போகும் பிழைகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

எடுத்துக்காட்டு

வாங்கும் முகவர், விற்கும் முகவர் என்னும் இரு மென்பொருள் முகவர்களைக் கருதுக. இவற்றை இயக்கும் மையச் செய்நிரல் எதுவும் இல்லை. வாங்கும் முகவர் 'கோரிக்கை' என்னும் இடத்தில் ஒரு வில்லையை வைக்கிறது. அவ்வில்லை வந்தவுடன் விற்கும் முகவரின் 'விலை கூறல்' என்னும் நிகழ்வு நிகழக்கூடியதாகிறது. அது 'விலை' என்னும் இடத்தில் வில்லையை வைக்க, வாங்கும் முகவர் அதனை ஏற்கிறது. ஒவ்வொரு முகவரும் தன்னிடம் வந்த நிகழ்வுக்கு மட்டுமே எதிர்வினை ஆற்றுகிறது.

இனி, பொருள் வந்த பின்னரே பணம் அனுப்புவது என வாங்கும் முகவரும், பணம் வந்த பின்னரே பொருள் அனுப்புவது என விற்கும் முகவரும் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பிழையற்றவை. இணைத்து வலையாக வரைந்தால், பொருளுக்கான இடமும் பணத்துக்கான இடமும் ஒன்றையொன்று நோக்கிய சுழலாக அமைவதையும், அச்சுழலில் ஒரு வில்லைகூட இல்லாததையும் காணலாம். வில்லையற்ற சுழலுக்குள் வில்லை தானாகத் தோன்றாது. எனவே இரு முகவர்களும் முடிவின்றிக் காத்திருக்கும். இந்த முட்டுக்கட்டையை நிரலை இயக்கிப் பார்க்காமலேயே, வலையின் வடிவத்திலிருந்து கண்டறியலாம். பெட்ரி வலைகளின் நடைமுறைப் பயன் பெரும்பாலும் இத்தகைய பகுப்பாய்வையே சார்ந்துள்ளது.

அமெரிக்காவில் பரவல்

பெட்ரியின் கருத்துகள் தொடக்கத்தில் ஜெர்மனியைவிட அமெரிக்காவிலேயே மிகுந்த கவனத்தைப் பெற்றன. தகவல் தொகுதிகள் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்திவந்த அனடோல் ஹோல்ட் என்பவர் பெட்ரியின் ஆய்வேட்டின் முக்கியத்துவத்தை உணர்ந்தார். 1966 இல் ஆய்வேட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 'பெட்ரி வலை' என்னும் பெயர் வழக்குக்கு வருவதற்கும் ஹோல்ட்டின் குழுவே காரணமாயிற்று. நிலைமைகள், நிகழ்வுகள் ஆகிய இரண்டையும் அடிப்படைக் கருத்துகளாகக் கொண்டு தொகுதிகளை விவரிக்கும் முறையை இக்குழு வளர்த்தது.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜாக் டென்னிசின் தலைமையில் இயங்கிய குழுவும் இவ்வலைகளை ஆராய்ந்தது. 1970 இல் வுட்ஸ் ஹோல் என்னும் ஊரில் உடனிகழ்வுத் தொகுதிகள் பற்றிய மாநாட்டை இக்கழகத்தின் திட்டக் குழு நடத்தியது. ஜேம்ஸ் பீட்டர்சன் எழுதிய பாடநூல் 1981 இலும், டடாவோ முராட்டாவின் விரிவான மதிப்பாய்வுக் கட்டுரை 1989 இலும் வெளிவந்து, பொறியியலாளரிடையே இத்துறையைப் பரவலாக்கின.

பிர்லிங்கோவன் ஆண்டுகள்

முனைவர் பட்டம் பெற்றபின் பெட்ரி பான் பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தை நிறுவி அதற்குத் தலைமை தாங்கினார். 1968 இல் ஜெர்மனியின் கணிதம், தரவுச் செயலாக்கம் ஆகியவற்றுக்கான ஆய்வுச் சங்கம் பான் நகருக்கு அருகில் சாங்க்ட் ஆகஸ்டின் பகுதியிலுள்ள பிர்லிங்கோவன் மாளிகையில் தொடங்கப்பட்டது. அதன் தகவல் தொகுதி ஆய்வுக்கான நிறுவனத்துக்குப் பெட்ரி பொறுப்பேற்று, 1991 இல் ஓய்வு பெறும்வரை அங்குப் பணியாற்றினார். ஹார்ட்மன் கென்ரிக், குர்ட் லவுட்டன்பாக் ஆகியோர் அங்கு அவருடன் பணியாற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். வில்லைகள் தரவுகளையும் தாங்கிச் செல்லக்கூடிய உயர்நிலை வலைகளை இவ்விருவரும் உருவாக்கினர். இதே காலத்தில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் குர்ட் யென்சன் 'நிறமூட்டிய பெட்ரி வலை'களை உருவாக்கினார்.

1979 இல் ஹாம்பர்க் நகரில் வலைக் கோட்பாடு பற்றிய உயர்நிலைப் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. அடுத்த ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் தொடங்கிய ஐரோப்பியப் பட்டறை ஆண்டுதோறும் நடைபெறும் பன்னாட்டு மாநாடாக வளர்ந்தது. கணினி முன்னோடியான கொன்ராட் சூசே பெட்ரி வலைகளில் ஆர்வம் கொண்டு, பொறியியலாளர் நோக்கில் அவற்றைப் பற்றி 1980 இல் ஒரு நூல் எழுதினார்.

தொடர்பாடல் ஒழுங்குகள்

பெட்ரி கணினியைக் கணக்கிடும் கருவியாக மட்டும் காணவில்லை. மனிதர்களுக்கு இடையே ஒழுங்குபடுத்தப்பட்ட தகவல் ஓட்டத்தைத் தாங்கும் ஊடகமாகவே அதனைக் கண்டார். இந்நோக்கில், பலர் பங்குபெறும் எந்தத் தொகுதியிலும் கவனிக்கப்படவேண்டிய தொடர்பாடல் ஒழுங்குகளை 1970களில் வகுத்துரைத்தார். ஒத்திசைத்தல், அடையாளம் காணல், முகவரியிடல், பெயரிடல், படியெடுத்தல், நீக்கல், தொகுத்தல், மாதிரியமைத்தல், அதிகாரமளித்தல், மதிப்பிடல், பொறுப்பளித்தல், மறுசீரமைத்தல் என்பன அவை.

இப்பட்டியலில் முதற்சில கணினிப் பொறியியலாளருக்கு அன்றே அறிமுகமானவை. அதிகாரமளித்தல், பொறுப்பளித்தல் போன்றவை அன்று அலுவலக நிருவாகத்தின் பாற்பட்டனவாகக் கருதப்பட்டன. ஒரு செய்நிரல் மற்றொரு செய்நிரலிடம் பணியை ஒப்படைப்பதும், ஒப்படைத்தவரின் பெயரில் அது எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என வரையறுப்பதும் பிற்காலத்தில் மென்பொருள் முகவர்த் துறையின் அன்றாடச் சிக்கல்களாயின. செய்தியைக் கொண்டுசேர்ப்பது தொடர்பாடலின் ஒரு பகுதியே என்பதை இப்பட்டியல் உணர்த்துகிறது.

இயற்பியல் நோக்கு

வலைக் கோட்பாடு கணினிகளுக்கு மட்டும் உரியதன்று, இயற்பியலோடும் இசைந்து நிற்கவேண்டும் என்பது பெட்ரியின் வாழ்நாள் குறிக்கோளாக இருந்தது. தகவல் இழப்பின்றிப் பின்னோக்கியும் இயங்கக்கூடிய வலைகள், தொடர்ச்சியை வரிசைகளைக் கொண்டு விளக்கும் முறைகள் ஆகியவற்றை இறுதிவரை ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் பெட்ரி வலைகளைப் பயன்படுத்தியோரிடையே பரவலாக அறியப்படவில்லை. உலகம் அவருடைய படங்களை ஏற்றுக்கொண்ட அளவுக்கு அப்படங்களுக்குப் பின்னால் இருந்த கோட்பாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை எனலாம்.

பிற கோட்பாடுகளுடன் தொடர்பு

1970களில் உடனிகழ்வைப் பற்றிய வேறு கோட்பாடுகளும் தோன்றின. 1973 இல் கார்ல் ஹீவிட்டும் உடன் ஆய்வாளர்களும் 'நடிகர் மாதிரி'யை முன்வைத்தனர். இதில் ஒவ்வொரு கூறும் செய்திகளைப் பெற்று, செய்திகளை அனுப்பி, புதிய கூறுகளை உருவாக்க வல்லது. 1978 இல் டோனி ஹோர் செய்தி பரிமாறும் தொடர்நிலைச் செயல்முறைகளைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் லெஸ்லி லாம்போர்ட், பரவலான தொகுதிகளில் நிகழ்வுகளுக்கு இடையே பகுதி வரிசை மட்டுமே உண்டு என்பதைக் கடிகாரங்கள் பற்றிய தமது கட்டுரையில் விளக்கினார். 1980 இல் ராபின் மில்னர் தொடர்பாடும் தொகுதிகளுக்கான நுண்கணிதத்தை நூலாக வெளியிட்டார்.

இவையனைத்தும் பெட்ரியிடமிருந்து நேரடியாகப் பிறந்தவை அல்ல. எனினும் இவை எழுப்பிய அடிப்படைக் கேள்விகளை அவர் 1962 இலேயே எழுப்பியிருந்தார். 1991 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்ற மில்னர், தமது விருது உரையில், தாம் கூறியவற்றுள் பலவற்றைப் பெட்ரி 1960களிலேயே நன்கு உணர்ந்திருந்தார் என ஒப்புக்கொண்டார்.

மென்பொருள் முகவர்களில் பெட்ரி வலைகள்

1990களில் தன்னிச்சையாக முடிவெடுத்துச் செயற்படும் மென்பொருள் முகவர்கள் பற்றிய ஆய்வு விரிவடைந்தது. முகவர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளின் வடிவத்தைத் தரப்படுத்தும் பணியை 1996 இல் தொடங்கப்பட்ட ஃபிப்பா என்னும் அமைப்பு மேற்கொண்டது. செய்தியின் வடிவத்தை வரையறுப்பது எளிது. எந்தச் செய்திக்குப் பின் எந்தச் செய்தி வரலாம், இரண்டு உரையாடல்கள் ஒரே நேரத்தில் நடந்தால் என்னாகும், விடை வராவிட்டால் யார் காத்திருப்பது என்பன கடினமானவை. நிலைகளை வரிசையாக மட்டும் காட்டும் எளிய தன்னியக்கிப் படங்கள் இதற்குப் போதவில்லை. ஆகவே முகவர் உரையாடல்களை நிறமூட்டிய பெட்ரி வலைகளாக வரையும் முறை பின்பற்றப்பட்டது. டிம் ஃபினினும் உடன் ஆய்வாளர்களும் இத்துறையில் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுள்ளனர்.

பெட்ரி 1988 முதல் மதிப்புறு பேராசிரியராக விளங்கிய ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வு மேலும் ஒரு படி முன்னேறியது. அங்கு ரூடிகர் வால்க், ஒரு வலையின் வில்லையே மற்றொரு வலையாக இருக்கக்கூடிய 'வலைக்குள் வலை' என்னும் கருத்தை வளர்த்தார். இதன்படி ஒரு முகவர் தனக்கென ஒரு வலையாகவும், அது உலவும் சூழல் மற்றொரு வலையாகவும் அமைகின்றன. ஓலாஃப் கும்மர் உருவாக்கிய சுட்டு வலைகளும், அவற்றை இயக்கும் 'ரினியூ' என்னும் மென்பொருளும், 'முலான்' என்னும் பன்முகவர்க் கட்டமைப்பும் இவ்வழியில் தோன்றியவை.

மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு முகவர்கள் 2020களில் பெருகியபோது, மையப் பணிப்பாளர் ஒருவர் எல்லா முகவர்களையும் இயக்கவேண்டுமா, அல்லது முகவர்கள் தமக்கு வரும் நிகழ்வுகளைக் கேட்டுத் தாமே செயற்படவேண்டுமா என்னும் கேள்வி மீண்டும் எழுந்தது. மைய அமைப்பில் என்ன நடக்கிறது என்று கண்டறிவது எளிது. மையம் செயலிழந்தால் அனைத்தும் நின்றுவிடும். நிகழ்வு வழி அமைப்பு எளிதாக வளரும். எந்த நிகழ்வு எதற்குக் காரணமாயிற்று என்று அறிவது கடினம். நேர முத்திரைகளை மட்டும் கொண்டு நிகழ்வுகளை வரிசைப்படுத்துவது ஏமாற்றக்கூடும், காரணத் தொடர்பையே பதிவு செய்யவேண்டும் என்பது பெட்ரியின் கோட்பாடு இச்சிக்கலுக்குத் தரும் பாடமாகும்.

பிற பயன்பாடுகள்

* தொழிற்சாலைக் கட்டுப்பாடு: 1977 இல் பிரான்சில் உருவான 'கிராஃப்செட்' என்னும் வரைமுறை பெட்ரி வலைகளிலிருந்து தோன்றியது. இது 1988 இல் பன்னாட்டு மின்தொழில்நுட்பத் தரமாயிற்று.
* பணியோட்டம்: விண்ணப்பம், ஒப்புதல், வழங்கல் போன்ற அலுவலக நடைமுறைகளை வலைகளாக வரைந்து சரிபார்க்கும் முறையை நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட் வளர்த்தார். கணினிப் பதிவேடுகளிலிருந்து நடைமுறைகளைக் கண்டறியும் துறையும் இதிலிருந்து கிளைத்தது.
* மின்சுற்றுகள்: கடிகாரமின்றி இயங்கும் சில்லுகளை வடிவமைக்கப் பெட்ரி வலைகள் பயன்படுகின்றன. ஆய்வேட்டின் மூலக் கருத்துக்கு மிக நெருக்கமான பயன்பாடு இதுவே.
* உயிரியல்: உயிரணுக்களில் நிகழும் வினைத் தொடர்களை விவரிக்கவும் இவை பயன்படுகின்றன.

உயர்நிலைப் பெட்ரி வலைகளுக்கான பன்னாட்டுத் தரத்தின் முதற்பகுதி 2004 இல் வெளியிடப்பட்டது.

வரம்புகளும் விமர்சனங்களும்

பெட்ரி வலைகளின் முதன்மையான நடைமுறைச் சிக்கல் நிலைகளின் பெருக்கம் ஆகும். ஒன்றையொன்று சாராத, ஒவ்வொன்றும் இரு நிலைகள் கொண்ட 20 கூறுகள் சேர்ந்தால் 10,48,576 மொத்த நிலைகள் உண்டாகின்றன. பெரிய தொகுதிகளில் இவை அனைத்தையும் ஆராய இயலாது. தொகுதி முழுவதற்கும் 'மொத்த நிலை' ஒன்று உண்டு எனக் கொள்வதால்தான் இச்சிக்கல் எழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பெட்ரி தவிர்க்க விரும்பியதும் இதையே.

ஒரு வலையில் குறிப்பிட்ட வில்லை அமைப்பை அடைய முடியுமா என்னும் 'அடைதகவுச் சிக்கல்' நெடுங்காலம் தீராதிருந்தது. இதற்கு மிகுந்த நினைவகம் தேவை என 1976 இல் ரிச்சர்ட் லிப்டன் நிறுவினார். இது தீர்மானிக்கத்தக்கதே என 1981 இல் எர்ன்ஸ்ட் மாயர் நிறுவினார். இதன் துல்லியமான கடினத்தன்மை 2021 இல்தான் நிறுவப்பட்டது. நடைமுறைக்கு ஒவ்வாத அளவுக்குக் கடினமானது என்பதே அம்முடிவு. ஓர் இடத்தில் வில்லை இல்லை என்பதைச் சோதிக்கும் தடை அம்புகளைச் சேர்த்தால் வலை டியூரிங் இயந்திரத்தின் ஆற்றலைப் பெறுகிறது. அப்போது அடைதகவைத் தீர்மானிக்க இயலாது.

கார்ல் ஹீவிட் வேறொரு விமர்சனத்தை முன்வைத்தார். ஒரு நிலைமாற்றம் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வில்லைகளை எடுக்கிறது. அவ்விடங்கள் தொலைவில் இருந்தால் இது எவ்வாறு இயலும் என்பது அவருடைய வினா. பெட்ரியின் நோக்கில் நிலைமாற்றமும் அதன் அண்டை இடங்களும் ஓரிடத்தே அமைந்தவை. தொலைவு இருப்பின், செல்லும் செய்தியையும் தனி இடமாக வலையில் வரையவேண்டும். எனினும் வலை வரைவோர் பலர் இதனைக் கவனிக்காமல், நடைமுறைப்படுத்த இயலாத வலைகளை வரைவதுண்டு.

விருதுகளும் சிறப்புகளும்

* 1988 – ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு பேராசிரியர்
* 1993 – கொன்ராட் சூசே பதக்கம்
* 1997 – வெர்னர் ஃபோன் சீமென்ஸ் மோதிரம்
* 1999 – ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம்
* 2003 – நெதர்லாந்துச் சிங்க விருது (கமாண்டர் நிலை)
* 2008 – ஐ.இ.இ.இ. கணினிச் சங்கத்தின் கணினி முன்னோடி விருது

மறைவு

கார்ல் ஆடம் பெட்ரி 2010 ஜூலை 2 அன்று ஜெர்மனியின் சீக்பூர்க் நகரில் காலமானார். தமது 84 ஆவது பிறந்தநாளுக்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன. அவர் பணியாற்றிய ஆய்வுச் சங்கம் 2001 இலேயே ஃபிரவுன்ஹோஃபர் சங்கத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.

பெட்ரி குறைவாகவே எழுதினார். அவருடைய முதன்மைப் படைப்பு, கணினிகள் தனித்தனி அறைகளில் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் இயங்கிய காலத்தில் எழுதப்பட்ட ஓர் ஆய்வேடே ஆகும். மையமின்றிப் பலர் ஒத்துழைக்கும் தொகுதியில் எவரும் முழுமையையும் காண இயலாது. ஒவ்வொருவரும் தம் அண்டையை மட்டுமே அறிவர். அவ்வாறு இருந்தும் தொகுதி பிழையின்றி இயங்கும் என உறுதியளிக்க முடியும் என்பதை அவ்வாய்வேட்டில் தொடங்கிய கோட்பாடு காட்டியது. இணைக்கப்பட்ட கணினிகளும் முகவர்களும் பெருகியபின் இவ்வுறுதியின் தேவை மேலும் கூடியுள்ளது.